பட்டினி போட்டால் புற்று சாகுமா?

பாரிஸில் ரூ லூயி-பிளாங் தெரு கொலொனெல்-ஃபாபியன் சதுக்கத்தில் தொடங்கி, சான்-மார்த்தன் கால்வாயைத் தாண்டி, லா ஷப்பெலில் போய் முடிகிறது. முடிகிற முனை தமிழர்களின் கடைத்தெரு. தொடங்குகிற முனையிலிருந்து கொஞ்சம் நடந்தால் சான்-லூயி மருத்துவமனை. 1607இல் நான்காம் ஹென்றி மன்னன் கொள்ளைநோய் கண்டவர்களுக்காகக் கட்ட ஆணையிட்ட இடம் அது. இன்று இரத்தப் புற்றுநோய்க்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் மக்கள் தேடி வருகிறார்கள். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு பேச்சு ஓயாமல் நடமாடுகிறது. "கான்சருக்குச் சாப்பாடே சீனிதானாம். சோத்தையும் சீனியையும் நிப்பாட்டினா அது பட்டினியிலயே செத்துப் போகுமாம். டொக்டர்மார் இதைச் சொல்ல மாட்டினமாம்."

இந்தப் பேச்சை நம்புகிறவர்கள் அக்கறையோடுதான் நம்புகிறார்கள். கீமோதெரபியால் ஏற்கெனவே வாய் கசந்து, எடை இறங்கிக்கொண்டிருக்கும் தாய்க்குச் சோற்றையும் பழத்தையும் நிறுத்திவிட்டு, பாகற்காய்ச் சாற்றை நீட்டும் பிள்ளைகள் அந்தத் தாயைக் காப்பாற்றத்தான் முயல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு துளி உண்மையும் இருக்கிறது. அந்தத் துளி எது, அது எங்கே முடிகிறது என்பதை விளக்க, செல் எப்படி வளர முடிவெடுக்கிறது என்ற கதைக்குள் போக வேண்டும். அந்தக் கதையின் முக்கியமான சில அத்தியாயங்கள் இதே பாரிஸில் எழுதப்பட்டவை.

சந்தேகம் பிறக்கும் இடம் பெரும்பாலும் பெட் ஸ்கேன் அறை. காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்கள். தாதி முதலில் விரலில் குத்தி இரத்தச் சர்க்கரையைப் பார்க்கிறார். அளவு மிக அதிகமாக இருந்தால் சோதனையை வேறு நாளுக்குத் தள்ளிவிடுவார்கள். பிறகு ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைச் சுமந்த குளுக்கோஸை இரத்த நாளத்தில் ஏற்றுகிறார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அசையாமல், பேசாமல் படுத்திருக்க வேண்டும். அதன்பின் எடுக்கும் படத்தில் கட்டி ஒளிர்கிறது. படத்தைப் பார்த்த குடும்பத்துக்கு வேறு சாட்சி எதற்கு? சர்க்கரையைக் கொடுத்தார்கள், கட்டி அதை விழுங்கியது.

ஆனால் அதே படத்தில் மூளையும் ஒளிர்கிறது. வெறும் வயிறு கேட்பதன் காரணத்தையும் கவனிக்க வேண்டும்: சாப்பிட்டுவிட்டு வந்தால் இன்சுலின் சுரந்து, ஏற்றிய குளுக்கோஸைத் தசைகளுக்குள் தள்ளிவிடும், கட்டி மங்கலாகத் தெரியும். அசையாமல் கிடக்கச் சொல்வதும் தசை அதை இழுத்துக்கொள்ளாதிருக்கத்தான். ஆக, இரத்தத்தில் சர்க்கரை இருப்பது ஒரு விஷயம். அதை எந்தச் செல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆணை வேறு விஷயம். புற்றுச் செல்கள் குளுக்கோஸை வழக்கத்துக்கு மீறி உறிஞ்சி லாக்டிக் அமிலமாக மாற்றுவதை ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே பெர்லினில் கண்டார். அவை ஏன் அப்படிச் செய்கின்றன என்பதற்குப் பதில் வர இன்னும் அறுபது, எழுபது ஆண்டுகள் ஆயின. அந்தப் பதில் சர்க்கரையைத் தாண்டி, புரதத்தில் போய் நின்றது.

ஒரு செல் இரண்டாக வேண்டுமென்றால் முதலில் அது பெரிதாக வேண்டும். பெரிதாவது என்றால் பெரும்பகுதி புரதம் சேர்ப்பதுதான். மனிதச் செல் ஒன்றில் ரைபோசோம்கள் பல லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தூது ஆர்என்ஏவைப் படித்து, விநாடிக்கு ஐந்தாறு அமினோ அமிலங்கள் வீதம் கோத்துப் புரதம் செய்கிறது. வளரும் செல் செலவழிக்கும் ஆற்றலில் மிகப் பெரிய பங்கு இந்த ஒரு வேலைக்கே போகிறது. இவ்வளவு செலவு பிடிக்கும் வேலையைச் செல் கண்மூடித் தொடங்காது. கல்யாணச் சமையலில் ஆள் எண்ணிக்கையையும் யாராவது சொல்ல வேண்டும், அரிசி மூட்டையும் வந்து இறங்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். செல்லும் அப்படித்தான். வெளியிலிருந்து இன்சுலினோ வேறு வளர்ச்சிக் காரணியோ ஆணை கொண்டுவர வேண்டும். உள்ளே அமினோ அமிலங்களும் ஆற்றலும் கையிருப்பில் இருக்க வேண்டும்.

இந்த இரண்டையும் கேட்டு முடிவெடுக்கும் புரதத்தின் பெயர் எம்டோர். ஆணை அதனிடம் வந்து சேரும் வழி இது. இன்சுலின் செல்லின் வெளிச்சவ்விலுள்ள ஏற்பியைத் தொடுகிறது. உட்புறம் பிஐ3கே என்ற நொதி விழித்துக்கொண்டு, சவ்விலுள்ள கொழுப்பு மூலக்கூறு ஒன்றின் மீது கூடுதலாக ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. லூயிஸ் கான்ட்லியின் குழு அமெரிக்காவில் 1980களில் கண்டுபிடித்த மாற்றம் இது. அப்போது அதன் பயன் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அந்தப் புதிய கொழுப்பு ஏகேடி என்ற இன்னொரு நொதியைச் சவ்வுக்கு அழைக்கிறது. ஏகேடி, எம்டோர் மீது போடப்பட்டிருந்த பூட்டை எடுத்துவிடுகிறது. கூடவே இன்னொரு காரியமும் செய்கிறது: குளுக்கோஸை உள்ளே விடும் வாயில்களைச் செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. பெட் ஸ்கேனில் ஒளிரும் கட்டியின் ரகசியத்தில் பாதி இங்கேயே இருக்கிறது. வளர்ச்சி ஆணை முன்னே வருகிறது. சர்க்கரை அதன் பின்னே வருகிறது.

விழித்த எம்டோர் செய்வதுதான் இந்தக் கட்டுரையின் நடுப்புள்ளி. தூது ஆர்என்ஏ ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு வேதித் தொப்பி இருக்கும். அந்தத் தொப்பியைப் பிடித்து ரைபோசோமிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் புரதம் இஐஎஃப்4ஈ. நாகும் சோனன்பர்க் 1970களின் இறுதியில் அதைக் கண்டறிந்தார். பின்பு மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆயுள் முழுவதும் அதன் பின்னாலேயே போனார். செல்லில் இது அளவாகவே இருக்கிறது. போதாதற்கு 4ஈ-பிபி என்ற புரதம் அதைக் கட்டிப்பிடித்து வேலை செய்யவிடாமல் வைத்திருக்கிறது. எம்டோர் 4ஈ-பிபி மீது பாஸ்பேட்டுகளை ஏற்றியதும் பிடி தளர்கிறது. விடுபட்ட இஐஎஃப்4ஈ வேறு இரண்டு புரதங்களோடு சேர்ந்து இஐஎஃப்4எஃப் என்ற கூட்டமைப்பாகிறது, மொழிபெயர்ப்பு தொடங்குகிறது. இன்சுலின் இந்தப் பிடியைத் தளர்த்திப் புரத உற்பத்தியைத் தூண்டுகிறது என்பதைச் சோனன்பர்க்கின் குழு 1994இல் காட்டியது.

எல்லாத் தூது ஆர்என்ஏக்களும் இஐஎஃப்4ஈயை ஒரே அளவில் நம்பியிருப்பதில்லை என்பதுதான் புற்றுநோய்க்குச் சாதகமாகிறது. செல்லின் அன்றாட வீட்டுவேலைப் புரதங்களுக்கான ஆர்என்ஏக்கள் கொஞ்சம் கிடைத்தாலும் சமாளித்துக்கொள்ளும். மிக், சைக்ளின் டி1, புது இரத்தக்குழாய்களை வரவழைக்கும் விஇஜிஎஃப் போன்றவற்றின் ஆர்என்ஏக்கள் தலைப்பக்கம் முடிச்சும் மடிப்புமாக இருப்பவை. இஐஎஃப்4ஈ தாராளமாகக் கிடைத்தால்தான் அவை படிக்கப்படும். இவையெல்லாம் பிளவையும் பிழைப்பையும் தூண்டும் புரதங்கள். ஆகவே இந்த ஒரு புரதம் மிகுந்துவிட்டால் செல் செய்யும் மொத்தப் புரதம் கூடுவதோடு, எதைச் செய்வது என்ற தேர்வே புற்றின் பக்கம் சாய்கிறது. 1990இல் சோனன்பர்க்கின் ஆய்வகம் சாதாரண எலிச் செல்களில் இஐஎஃப்4ஈயை மட்டும் மிகுதியாக்கிப் பார்த்தது. அவை புற்றுச் செல்களைப் போல மாறின.

இந்த வழியில் எங்கே கெட்டாலும் விளைவு ஒன்றுதான். பிஐ3கேயின் ஒரு பகுதியைச் செய்யும் பிஐகே3சிஏ மரபணு பல புற்றுநோய்களில் பிறழ்ந்திருப்பது 2004இல் தெரியவந்தது; ஹார்மோன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பதில் அது பிறழ்ந்திருக்கிறது. பிஐ3கே ஒட்டியதைக் கழற்றும் பிடென் என்ற நொதி, பல கட்டிகளில் காணாமலே போய்விடுகிறது. இரண்டிலும் செல்லின் நிலைமை ஒன்றே: வெளியில் இன்சுலின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆணை வந்துகொண்டே இருக்கிறது.

எம்டோரைக் கண்டுபிடிக்க வைத்தது ஒரு மருந்து. மருந்து முன்னால் வந்தது, அது எதைத் தாக்குகிறது என்பது பின்னால் தெரிந்தது. 1964இல் கனடாவிலிருந்து ஈஸ்டர் தீவுக்குப் போன ஒரு மருத்துவக் குழு அங்கிருந்து மண் கொண்டுவந்தது. மான்ட்ரியாலில் ஏயர்ஸ்ட் நிறுவனத்தில் அந்த மண்ணிலிருந்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ராபமைசினைப் பிரித்தெடுத்த அணியில் சுரேன் சேகல் இருந்தார். பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபின் சிற்றூரில் 1932இல் பிறந்தவர். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்து, பிரிஸ்டலில் முனைவர் பட்டம் பெற்றவர். பூஞ்சைக் கொல்லியாகத் தேடியது அவருக்குப் புற்றுக் கட்டிகளையும் அடக்கக்கூடியதாகத் தெரிந்தது. 1980களின் தொடக்கத்தில் நிறுவனம் மான்ட்ரியால் ஆய்வகத்தை மூடி, ராபமைசின் வேலையையும் கைவிட்டபோது, சேகல் அதில் கொஞ்சத்தைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துப் பாதுகாத்தார். நியூ ஜெர்சிக்கு வீடு மாறியபோதும் எடுத்துப்போனார். அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் இந்த அறிவியல் கிளை இன்னும் பல ஆண்டுகள் தாமதப்பட்டிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1999இல் அது மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் காக்கும் மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சேகல் 2003இல் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார்.

அதற்கு முன்பே, 1991இல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஜோசஃப் ஹைட்மன், ராவ் மொவ்வா, மைக்கேல் ஹால் மூவரும் ஈஸ்ட்டில் ராபமைசின் தாக்கும் புரதத்தைக் கண்டறிந்து டோர் என்று பெயரிட்டார்கள். 1994இல் பாலூட்டிகளிலும் அதுவே இருப்பது உறுதியாயிற்று.

எம்டோரை அடைத்தால் புற்றின் புரத ஆலையை மூடிவிடலாம் என்ற நம்பிக்கை அப்போது பெரிதாக எழுந்தது. சில இடங்களில் அது பலித்தது. சிறுநீரகம் மாற்றியவர்களுக்குச் சில சமயம் வரும் கபோசி சர்க்கோமா என்ற தோற்புற்றில், வழக்கமான மருந்தை நிறுத்தி ராபமைசினுக்கு மாற்றிய 15 பேருக்கும் புண்கள் மறைந்ததை இத்தாலிய மருத்துவர்கள் 2005இல் எழுதினார்கள். ராபமைசினின் உறவு மருந்துகளான டெம்சிரோலிமஸ் 2007இலும் எவரோலிமஸ் 2009இலும் சிறுநீரகப் புற்றுக்கு வந்தன. மார்பகப் புற்றில், ஹார்மோன் சிகிச்சை கைவிட்ட 724 பெண்களைக் கொண்ட பொலேரோ-2 ஆய்வில், எவரோலிமஸ் சேர்த்தவர்களுக்கு நோய் முன்னேறாமல் நின்ற காலம் 2.8 மாதத்திலிருந்து 6.9 மாதமாக உயர்ந்தது. ஆயுள் உறுதியாக நீண்டது என்று சொல்ல முடியவில்லை. அந்த மாத்திரை எடுத்தவர்களைப் பராமரித்த குடும்பங்களுக்கு இன்னொன்றும் தெரியும்: வாய் முழுக்கப் புண். நம் வீட்டுத் தூளைப் போட்டுச் சமைத்த கறியை நாக்கில் வைக்க முடியாது. ஸ்டீராய்டு கலந்த கொப்பளிப்பு நீரை முதல் நாளிலிருந்தே பயன்படுத்தினால் புண் பெருமளவு தடுக்கப்படும் என்பது 2017இல் வெளியான ஒரு ஆய்வில் தெரிந்தது. மருத்துவர் தராவிட்டால் கேட்டு வாங்க வேண்டிய பொருள் அது.

பலன் ஏன் இவ்வளவு குறைவு? இரண்டு காரணங்கள் வெளிவந்தன. ஒன்று, ராபமைசின் எம்டோரை முழுதாக அடைப்பதில்லை. 4ஈ-பிபியின் மீது பாஸ்பேட் ஏறுவதைப் பல செல்களில் அது நிறுத்தவே இல்லை. புரத ஆலையின் முக்கியக் கதவு திறந்தே கிடந்தது. மற்றது இன்னும் ஆழமானது. எம்டோர் வேலை செய்யும்போது, போதும் என்று இன்சுலின் ஏற்பிக்கே ஒரு தடைச் செய்தியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். எம்டோரை அடைத்தால் அந்தத் தடையும் போய்விடும்; மேலே பிஐ3கேயும் ஏகேடியும் முன்னைவிட மும்முரமாகும். சில நோயாளிகளின் கட்டித் திசுக்களிலேயே இது காணப்பட்டது. உயிருள்ள உடல் தன்னைச் சமநிலையில் வைத்துக்கொள்ளப் பயன்படுத்தும் ஏற்பாடுதான் இது. புற்றுச் செல் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

அப்படியானால் மேலே போய் பிஐ3கேயையே அடைத்தால் என்ன? இங்கே கதை பாரிஸுக்கு வருகிறது. நெக்கர் மருத்துவமனையில் சிறுநீரக மருத்துவரான கியோம் கனோ, உடலின் ஏதோ ஒரு பகுதி மட்டும் கட்டுக்கடங்காமல் வளரும் நோயாளிகளைப் பார்த்துவந்தார். கால் ஒன்று பருத்து, முதுகில் கொழுப்பும் இரத்தக்குழாயும் மலைபோலக் குவிந்து, அறுவை செய்தாலும் திரும்ப வளரும் அபூர்வ நோய். கரு வளரும்போது ஏதோ ஒரு செல்லில் பிஐகே3சிஏ பிறழ்ந்து, அந்தச் செல்லின் வழியில் வந்த திசுக்கள் மட்டும் பாதிக்கப்படுவதே காரணம். மார்பகப் புற்றுக் கட்டிகளில் காணும் அதே பிறழ்வு. அப்போது புற்றுநோய்க்கென்று சோதனையில் இருந்த அல்பெலிசிப் என்ற பிஐ3கே தடுப்பானைக் கனோ முதலில் எலிகளுக்கும், பிறகு சிறப்பு அனுமதி பெற்று மனிதர்களுக்கும் கொடுத்தார். குழந்தைகளும் பெரியவர்களுமாக 19 பேர். எல்லோருக்கும் நிலை மேம்பட்டது. பருத்த பகுதிகள் சுருங்கின. 2018 ஜூனில் நேச்சர் இதழ் அதை வெளியிட்டது. 2022 ஏப்ரலில் அமெரிக்கா இந்த நோய்க்கு மருந்தை அனுமதித்தது.

இந்த நோயாளிகள் நமக்குக் கற்பிப்பது அதிகம். பிறந்ததிலிருந்து வளர்ச்சி ஆணை ஓயாமல் ஒலித்தும், அவர்களின் திசுக்கள் பெரும்பாலும் புற்றாக மாறுவதில்லை. வளர்ச்சி ஒன்று, புற்று வேறு. புற்றுக்கு இந்த ஆணையோடு வேறு பிறழ்வுகளும் சேர வேண்டும். ஒரே மருந்து இவர்களுக்கு அவ்வளவு நன்றாகவும், புற்றுநோயில் அளவாகவும் வேலை செய்வதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்: கோளாறு ஒற்றையாக இருந்தால் ஒற்றை மருந்து போதும்.

புற்றுநோயில் அல்பெலிசிப்பின் முதன்மை ஆய்வு 2019இல் வந்தது. பாரிஸை ஒட்டிய வில்ஜுயிஃபில் உள்ள குஸ்தாவ் ரூசி புற்றுநோய் மையத்தின் ஃபப்ரிஸ் ஆந்த்ரே அதன் முதல் ஆசிரியர். பிஐகே3சிஏ பிறழ்ந்த 341 பேரில், மருந்து எடுத்தவர்களுக்கு நோய் நின்ற காலம் 11.0 மாதம், எடுக்காதவர்களுக்கு 5.7. இந்த எண்களுக்குப் பக்கத்தில் இன்னோர் எண் இருக்கிறது. லா ஷப்பெல் மனிதர்கள் அதையே முதலில் பார்க்க வேண்டும். அல்பெலிசிப் எடுத்தவர்களில் 36.6 வீதத்தினருக்கு இரத்தச் சர்க்கரை கடுமையான அளவுக்கு ஏறியது. ஒப்பீட்டுக் குழுவில் அது 0.7 வீதம். கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவுக்காரர்களை இந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை, அப்படியும் இவ்வளவு. தெற்காசியர்களுக்கு நீரிழிவு இளம் வயதிலும், அதிகம் பருமன் இல்லாத உடம்பிலும் வருகிறது. நம் குடும்பங்களில் புற்றுநோய்க்குப் போகிறவர் கையில் ஏற்கெனவே நீரிழிவு மாத்திரைச் சீட்டு இருப்பது வழக்கமான காட்சி.

சர்க்கரை ஏறுவதற்குக் காரணம் மருந்து தவறியது அல்ல, மருந்து சொன்னபடி வேலை செய்தது. கட்டியில் அடைத்த அதே பிஐ3கே ஈரலிலும் தசையிலும் இன்சுலினின் சொல்லைக் கேட்கும் செவி. அதை அடைத்ததும் தசை குளுக்கோஸை எடுக்காது, ஈரல் கூடுதலாக விடும். கணையம் என்ன செய்யும்? இன்னும் இன்சுலினை ஊற்றும். அந்த வெள்ளம் கட்டியையும் தொடும். 2018இல் பெஞ்சமின் ஹாப்கின்ஸும் லூயிஸ் கான்ட்லியும் எலிகளில் இதைக் காட்டினார்கள்: ஏறிய இன்சுலின், அடைபட்ட பாதையைக் கட்டிக்குள் மீண்டும் திறந்துவிடுகிறது. மாவுச்சத்தை மிகக் குறைத்த கீட்டோ உணவையோ, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரையையோ கூடக் கொடுத்து இன்சுலினை அடக்கியபோது மருந்து நன்றாக வேலை செய்தது.

கடைத்தெருப் பேச்சிலுள்ள அந்தத் துளி உண்மை இதுதான். கீட்டோ உணவு புற்றைக் கொல்லும் என்று பல காணொளிகள் சொல்கின்றன. இந்த ஆய்வின் மறுபாதியை அவை சொல்வதில்லை. மருந்து இல்லாமல் கீட்டோ உணவை மட்டும் கொடுத்தபோது பெரும்பாலான கட்டிகளில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஒரு வகை இரத்தப் புற்று இருந்த எலிகளில் நோய் இன்னும் வேகமாக முற்றியது. அதாவது, உணவு ஒரு குறிப்பிட்ட மருந்துக்குத் துணைபோகலாம், மருந்தின் இடத்தில் உட்கார முடியாது.

இன்சுலினைக் குறைத்தால் போதுமென்றால் மெட்ஃபார்மின் இருக்கிறதே என்று கேட்கலாம். அது பாரிஸின் மருந்துதான். ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1957இல் அதை நீரிழிவுக்குப் பயன்படுத்தி எழுதினார். அது செல்லின் ஆற்றலைச் சற்றே இறக்கி, அதன் வழியாக எம்டோரையும் தணிக்கிறது. ஆய்வகத்தில் புற்றுச் செல்களை மந்தமாக்குகிறது. மெட்ஃபார்மின் எடுக்கும் நீரிழிவுக்காரர்களுக்குப் புற்று குறைவு என்றும் பல கணக்கெடுப்புகள் சொல்லின. நம்பிக்கை பெரிதாக இருந்ததால் சோதனையும் பெரிதாக நடந்தது: நீரிழிவு இல்லாத 3,649 மார்பகப் புற்று நோயாளிகள், ஐந்தாண்டு சிகிச்சை. 2022இல் முடிவு வந்தது. மெட்ஃபார்மினால் நோய் திரும்புவது குறையவில்லை. ஆய்வகத் தட்டில் கொட்டும் அளவும் மனித இரத்தத்தில் சேரும் அளவும் ஒன்றல்ல. கணக்கெடுப்பில் தெரிந்த உறவுக்கு வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். நீரிழிவுக்கு அதை எடுப்பவர்கள் எடுக்கத்தான் வேண்டும். நீரிழிவு இல்லாத ஒருவர் புற்றுக்காக அதை வாங்கி விழுங்குவதற்கு ஆதாரம் இல்லை.

மேலே அடைத்தால் சுற்றிக்கொண்டு வருகிறது, நடுவில் அடைத்தால் மேலே கிளம்புகிறது. இந்த அனுபவம் சில ஆய்வாளர்களைப் பாதையின் கடைசிப் படிக்கே அனுப்பியது. கரோலின் ரொபேர், ஸ்தெஃபான் வாக்னேர் ஆகியோரின் குழு வில்ஜுயிஃபில் கேட்ட கேள்வி நேரடியானது. மெலனோமா என்ற தோற்புற்றில் பாதியளவுக்கு பிராஃப் என்ற வேறொரு சமிக்ஞைப் புரதம் பிறழ்ந்திருக்கும். அதை அடைக்கும் மருந்துகள் 2011இலிருந்து கிடைத்தன. கட்டிகள் வியப்பூட்டும் வேகத்தில் கரைந்து, சில மாதங்களில் திரும்பி வந்தன. திரும்பி வரும் வழிகள் பல. அந்த வழிகளெல்லாம் எங்காவது சந்திக்கின்றனவா?

2014இல் நேச்சரில் வந்த பதில், சந்திக்கின்றன என்பது. மருந்து பலிக்கும் செல்களில் இஐஎஃப்4எஃப் கூட்டமைப்பு கலைந்தது. எதிர்ப்புப் பெற்ற செல்களில் அது கலையாமல் நின்றது. சில செல்கள் பழைய பாதையையே மறுபடி எழுப்பியிருந்தன, சில வேறு பாதையில் 4ஈ-பிபியைத் தளர்த்தியிருந்தன, சில 4ஈ-பிபியைச் சிதைத்தே விட்டிருந்தன. மூன்றும் கடைசியில் புரதம் செய்யும் அனுமதியைக் காப்பாற்றிக்கொள்ளும் உபாயங்கள். அந்தக் கூட்டமைப்பையும் சேர்த்துத் தாக்கியபோது மருந்து மறுபடி பலித்தது. 2018இல் இதே வட்டத்தினர் இன்னொன்றைக் காட்டினார்கள்: நோய் எதிர்ப்புச் செல்களிடமிருந்து கட்டி தப்பிக்க மேலே போர்த்திக்கொள்ளும் பிடி-எல்1 புரதத்தின் உற்பத்தியிலும் இந்தக் கூட்டமைப்புக்குக் கை இருக்கிறது.

இக்கூட்டமைப்பைத் தாக்கும் மூலக்கூறுகள் சில, வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த அக்லேயா மரங்களிலிருந்து வந்தவை. அவற்றைப் பார்த்து வடிவமைத்த ஸொட்டாட்டிஃபின் என்ற மருந்து மனிதச் சோதனைகளில் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் வேப்பிலையை அரைக்க வேண்டாம். குடும்ப உறவால் வேதிப்பொருள் ஒன்றாகிவிடாது, அந்த மூலக்கூறுகள் புரத உற்பத்தியையே நிறுத்தக்கூடியவை. ஆரோக்கியமான செல்லுக்கும் புரதம் வேண்டும். எவ்வளவு அடைத்தால் கட்டி சாகும், எவ்வளவில் குடலும் எலும்பு மஜ்ஜையும் தாங்கும் என்ற இடைவெளியைத் தேடுவதே இந்தத் துறையின் இன்றைய உழைப்பு. பிஐ3கே பக்கமும் வேலை நிற்கவில்லை. ஏகேடியை அடைக்கும் கபிவசெர்டிப் 2023இலும், பிறழ்ந்த பிஐ3கேயைக் கூடுதல் குறியோடு தாக்கும் இனவோலிசிப் 2024இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

இனிச் சோற்றுக்கு வருவோம். நோயாளி சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை தீர்ந்துபோகாது. மூளைக்கு அது தேவை என்பதால் ஈரல் அதைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். கையிருப்பு தீர்ந்தபின் அதற்கான மூலப்பொருளில் பெரும்பங்கு தசைப் புரதத்தை உடைத்து வருவது. கட்டிக்கோ குளுக்கோஸும் கிடைக்கும், உடையும் தசையிலிருந்து குளூட்டமின் போன்ற அமினோ அமிலங்களும் கிடைக்கும். அதன் எம்டோர் பிறழ்வால் விழித்தே இருப்பதால் அது வளர்ச்சியை எளிதில் விடாது. சாதாரணத் தசையின் எம்டோரோ ஆணையும் இல்லை, அமினோ அமிலமும் இல்லை என்று கண்டு, புரதம் செய்வதை நிறுத்தும். பட்டினி முதலில் இளைக்க வைப்பது நோயாளியை. தசை கரைந்தவருக்குக் கீமோவின் நச்சு அதிகம் தாக்குகிறது, அளவைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ வேண்டி வருகிறது.

பிரான்சில் உணவு, உடற்பயிற்சி, புற்றுநோய் பற்றி ஆராயும் நாக்ர் என்ற வலையமைப்பு, உண்ணாவிரதம் பற்றியும் கட்டுப்பாட்டு உணவுமுறைகள் பற்றியும் வந்த ஆய்வுகள் அனைத்தையும் அலசி 2017இல் அறிக்கை வெளியிட்டது. சிகிச்சையின்போது அவை மனிதருக்கு நன்மை தருவதற்குச் சான்று இல்லை, ஊட்டக்குறைவும் தசை இழப்பும் வரும் ஆபத்து உண்டு என்பது அதன் முடிவு. மருத்துவ ஊட்டத்துக்கான ஐரோப்பியச் சங்கத்தின் பரிந்துரை, புற்றுநோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 90 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20, ஒரு கோப்பை வெந்த பருப்பில் 15க்கு மேல். ரசமும் கஞ்சித் தண்ணீரும் மட்டும் குடிப்பவர் இந்தக் கணக்கின் பக்கத்தில்கூட வர மாட்டார். சோறு இருக்கட்டும், அதன் பக்கத்தில் மீனோ முட்டையோ பருப்போ நிறைய இருக்கட்டும். நீரிழிவும் உள்ளவர் சோற்றின் அளவை மருத்துவமனை உணவியலாளரோடு பேசி முடிவு செய்யலாம். புற்று சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் அவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் நேரம் தருவார்கள். சிறுநீரகம் பழுதடைந்தவருக்குப் புரதக் கணக்கு மாறும், அதையும் அங்கேதான் கேட்க வேண்டும்.

அந்தச் சந்திப்புக்குப் போகும்போது ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போக வேண்டும்: நீரிழிவு மாத்திரை, கடைசியாக எடுத்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ஊரிலிருந்து வந்த சூரணம், காலையில் குடிக்கும் சாறு. அல்பெலிசிப் தொடங்குமுன் மருத்துவர் முதலில் பார்க்க விரும்புவது அந்தச் சர்க்கரைக் கணக்கை. எவரோலிமஸ் எடுப்பவர் கிரேப்ஃப்ரூட் சாறு குடித்தால், குடலில் மருந்தை உடைக்கும் நொதி அடைபட்டு, இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். உடம்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதால் காலை காலையாக அதைப் பிழிந்து கொடுக்கும் மகளுக்கு இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.